ஆள் இல்லாமல் ஓடிய மெஷின்

உங்கள் பக்கத்து சீட்டில் இருக்கிற ஆள்தான் உங்களைப் பற்றி மேலே போட்டுக்கொடுக்கிறார் என்று உங்களுக்கு என்றைக்காவது சந்தேகம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது என்ன பாடு படுத்தும் என்று தெரிந்திருக்கும். சோறு இறங்காது. அந்த ஆள் தும்மினால்கூட யாருக்கோ சைகை காட்டுகிற மாதிரி இருக்கும். அவர் சும்மா இருந்தால், ஏன் சும்மா இருக்கிறார் என்று தோன்றும்.

காந்திமதிக்கு அந்தச் சந்தேகம் வந்தது போன சித்திரையில். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் பத்து நிமிஷத்தில் வரும் ஒரு கம்பெனியில் அவள் டெய்லர். வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற சட்டைகளைத் தைத்து அனுப்புகிற கம்பெனி. மூன்றாவது லைனில் இருபத்து நாலு மெஷின். அதில் ஒன்பதாவது மெஷினில் அவள் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பிறந்த குழந்தையின் கழுத்துக்கு வருகிற பட்டியை, சுருக்கம் விழாமல், குழந்தைக்கு உறுத்தாமல், ஒரே ஓட்டத்தில் வைத்துத் தைக்க அவளை விட்டால் அந்த ஹாலில் வேறு ஆள் கிடையாது. இது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

லைன் வேலை எப்படி என்றால், துணி கைக்குக் கை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி எழுந்தால் அவள் முன்னால் பீஸ் மலைபோல் குவியும், அவளுக்கு அடுத்தவள் கை சும்மா இருக்கும். அதனால் அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒருத்தி பாத்ரூம் போனால் பக்கத்தில் இருப்பவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு மெஷினையும் ஓட்டுவாள். அதற்குக் கைமாத்து என்று பேர். இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. கம்பெனி சட்டப்படி ஒரு மெஷினை ஒருத்திதான் தொடலாம். ஆனால் சூப்பர்வைசர் மோகன்ராஜ் சேலையூர்க்காரன், இவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்து ஆளானவன். கைமாத்து நடக்கும்போது அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. ஒன்று, எல்லா மெஷினின் தலையிலும் ஒரு பெட்டி மாட்டினார்கள். இரண்டாவது, பத்தாவது மெஷினுக்கு ஏஞ்சல் வந்தாள்.

பெட்டி சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் பெரிசுக்குக் கறுப்புக் கண்ணாடி. மேனேஜர் ஏகநாதன் எல்லாரையும் நிற்க வைத்து அதைப் பற்றிப் பேசினார். மெஷின் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு கரன்ட் இழுக்கிறது, எப்போது பழுதாகப் போகிறது என்று பெட்டி முன்கூட்டியே போனுக்குச் சொல்லிவிடுமாம். இப்போது பால் வண்டியில் இது இருக்கிறது, ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அபார்ட்மென்ட் லிஃப்டில்கூட இருக்கிறது, இனிமேல் எந்தத் தொழிலும் இது இல்லாமல் நடக்காது என்றார். கடைசி மெஷினில் இருக்கிற பொன்னியம்மாள் மட்டும் கை தூக்கினாள்.

"கரன்ட்டப் பாக்கறதுக்கு கண்ணு எதுக்கு சார்?"

அவர் சிரித்தார். அது கண் இல்லை, லைட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொன்னியம்மாள் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ரேஷன் கடைத் தராசையே வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நிறுத்துப் பார்க்கிறவள். அவள்கூட ரெண்டு நாள் பெட்டியை முறைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பெட்டியை முறைத்து என்ன ஆகப் போகிறது? மனுஷியை முறைத்தால் அவள் தலையையாவது குனிவாள்.

அப்படிக் குனிந்த தலை ஏஞ்சலுடையது. அவளுக்கு முப்பது வயசு இருக்கும். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் ஆறாவது மாடியில் வீடு. முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மூன்று மாத கான்ட்ராக்டில் இங்கே வந்திருந்தாள். சபைக்குப் போகிறவள், அதனால் பொட்டு இல்லை, பூ இல்லை, காதில் கம்மல்கூட இல்லை. மெஷினைப் போடுமுன் கண்ணை மூடி உதட்டை அசைப்பாள். மதியம் மாடிப்படி ஓரமாகப் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு போனில் மெதுவாகப் பேசுவாள். அவளாக வந்து யாரிடமும் உட்காரவில்லை. இவர்களும் கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் லைன் முனையில் ஒரு டிவி வந்தது. இருபத்து நாலு மெஷின் நம்பரும் அதில் வரிசையாகத் தெரியும். சரியாக ஓடுகிறது என்று பெட்டி சொன்னால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. காந்திமதியின் ஒன்பது அடிக்கடி சிவப்பாக நின்றது. அவளைச் சுற்றி இருந்தவையும் அப்படித்தான், கொஞ்சம் முன்னே பின்னே. பொன்னியம்மாளுடையது எப்போதாவதுதான் சிவக்கும். ஏஞ்சலின் பத்து மட்டும் காலையிலிருந்து சாயந்திரம் வரை பச்சைப் பசேலென்று இருந்தது.

ஒரு நாள் காலை மோகன்ராஜ் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"காந்திமதிக்கா, நேத்து ஒன்றர மண்ணேரம் சீட்ல ஆள் இல்ல. மெஷின் மட்டும் ஓடிகினு கீது. ஒனக்கு பதிலா யாரு ஓட்னது?"

ஒன்றரை மணி நேரம் என்பது பச்சைப் புளுகு. ஆனால் பத்து நிமிஷம் காந்திமதி எழுந்து போனதும், எட்டாவது மெஷினில் இருந்தவள் கைமாத்து கொடுத்ததும் நிஜம். பொய் என்று சொன்னால் அதில் கொஞ்சம் பொய் இருக்கும். நிஜம் என்று ஒத்துக்கொண்டால் அதில் முக்கால் பொய். ஒன்றரை மணி நேரத்துக்கு எப்படிக் கணக்குப் போட்டான் என்று அவள் யோசிக்கவில்லை. கைமாத்து இவனுக்கு எப்படிக் கேஸ் ஆயிற்று என்றுதான் யோசித்தாள். இத்தனை வருஷம் மின்விசிறியைப் பார்த்தவனை யாரோ இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டாள்.

மோகன்ராஜ் டேப்லெட்டில் வந்த பட்டியலைப் பார்த்துப் படித்தான், அவ்வளவுதான். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்ல சூப்பர்வைசருக்கு மனசு வருமா? "நமக்கு எல்லா நியூசும் வந்துரும்க்கா" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனான்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மதியம் சாப்பாட்டில் பொன்னியம்மாள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டாள். பதினாறு வருஷம் நடந்த கைமாத்து இப்போதுதான் வெளியே போயிருக்கிறது. இப்போதுதான் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள். எல்லாரும் சிவப்பு, அவள் மட்டும் பச்சை. சுவரைப் பார்த்துக்கொண்டு போன் பேசுகிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"எதுக்கும் கேட்டுப் பாக்கலாமே" என்றாள் யாரோ.

"இன்னான்னு கேப்ப? நீ போட்டுக் குடுக்கறியாமேன்னா? ஆமாக்கான்னு சொல்லிடுவா, போ" என்றாள் பொன்னியம்மாள்.

காந்திமதி நியாயம் பார்க்கிறவள். கண்ணால் பார்க்காமல் ஒருத்தி மேல் பழி போடக்கூடாது என்று நினைத்தாள். அதனால் ஒரு சோதனை வைத்தாள். புதன்கிழமை காலை ஏஞ்சல் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: இன்றைக்கு மூணு மணிக்குப் பின் படிக்கட்டில் போய்ப் பொண்ணுக்குப் போன் பண்ணப் போகிறேன், பத்து நிமிஷம் ஆகும், யாரிடமும் சொல்லாதே. ஏஞ்சல் சரிக்கா என்று தலையாட்டினாள்.

மூணு மணிக்குக் காந்திமதி எழுந்திருக்கவே இல்லை. இங்கேதான் இருந்தேன் என்பதற்கு யாரும் மறுபேச்சு பேசக் கூடாது என்று, தலையை நிமிர்த்தாமல், மெஷினோடு மெஷினாகக் குனிந்து, அன்றைக்கு எல்லா நாளையும்விட வேகமாகத் தைத்தாள். மூணேகாலுக்குள் முப்பது கழுத்து முடித்திருந்தாள்.

அஞ்சு மணிக்கு மோகன்ராஜ் வந்தான்.

"மூணு மணிக்கு எங்கக்கா போன?"

அவள் ஏஞ்சலைத் திரும்பிப் பார்த்தாள். ஏஞ்சல் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள், தலை குனிந்தபடி.

அன்றைக்கு அப்புறம் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. சாப்பாட்டு ஹாலில் ஏஞ்சல் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. பண்டல் கட்டுகளை அவள் பக்கம் நகர்த்தும்போது கையில் கொடுக்காமல் மேசையில் போட்டார்கள். பொன்னியம்மாள் தினமும் ஒன்று சொல்வாள், அவள் காதில் விழுகிற மாதிரி. வூட்ல எலி இருந்தா பொறி வெக்கலாம், லைன்ல இருந்தா இன்னா பண்றது என்பாள். ஏஞ்சல் திரும்ப ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பேசாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஒரு நாள் பத்தரை மணி இருக்கும். ஏஞ்சல் முகமெல்லாம் வெளிறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு காந்திமதி பக்கம் திரும்பினாள். அந்த மாதத்து வலி என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, ரெண்டு நிமிசம் பாத்துக்கிறியா?"

காந்திமதி கையை நிறுத்தவில்லை.

"நான் எதுக்குமா? நீ போ. ஒனக்கு மேல ஆள் கீது, பாத்துக்குவாங்க."

ஏஞ்சல் போகவில்லை. மதியம் மணி அடிக்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். காந்திமதி அதை ஓரக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனசு ஒரு பக்கம் இழுத்தது. ஆனால் நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் அந்த இழுப்பு கொஞ்சம் குறைந்தது.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. பிறகு மேலிடத்திலேயே ஒரு சந்தேகம் கிளம்பியது. மூன்றாவது லைனில் மணிக்கணக்காகச் சீட்டில் ஆளே இல்லை என்கிறது பெட்டி. ஆனால் சாயந்திரம் எண்ணிப் பார்த்தால் பீஸ் ஒன்று குறையாமல் இருக்கிறது. ஆள் இல்லாத மெஷின் எப்படிச் சட்டை தைக்கும்? ஏகநாதன் பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்ம்ருதி என்று ஒரு பெண் இன்ஜினியர் லேப்டாப்போடு வந்தாள்.

வந்த நேரம் சாப்பாட்டு வேளை. பெண்கள் வெளியே இருந்தார்கள். ஸ்ம்ருதி ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து பார்த்தாள். பெட்டி எல்லாம் சரியாக வேலை செய்தது. அவள் உட்கார்ந்தால் ஆள் இருக்கு என்றது, எழுந்தால் இல்லை என்றது. ஏகநாதன் முகத்தில் ஒரு திருப்தி. அப்படியானால் பொய் சொல்வது பெட்டி இல்லை.

மணி அடித்துப் பெண்கள் உள்ளே வந்ததும் அவர் எல்லாரையும் நிற்க வைத்தார். காந்திமதியை மட்டும் கூப்பிட்டு, நீங்க எப்பவும் போல உட்கார்ந்து தைங்க, மேடம் பார்க்கட்டும் என்றார்.

இங்கே அந்தக் கம்பெனியின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இவர்கள் அனுப்பிய குழந்தைச் சட்டை ஒன்றில், உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்ததாம். குழந்தை வாயில் போட்டிருந்தால் என்ன ஆவது என்று அந்த நாட்டுக்காரன் ஒரு கன்டெய்னரையே திருப்பி அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து தைக்கும்போது வளையல் கூடாது, ஹேர்பின் கூடாது, நெற்றியில் பொட்டும் கூடாது. வளையலையும் பின்னையும் பையில் போட்டுவிடலாம். கட்டின புருஷன் இருக்கிறவள் பொட்டைப் பிய்த்துக் கீழே எறிவாளா? பைக்குள் போட்டால் பசை போய்விடும். அதனால் மெஷினில் உட்கார்ந்ததும் பொட்டை எடுத்துக் கண்ணுக்கு எதிரே மெஷின்மேல் ஒட்டிவைப்பார்கள். மணி அடித்து எழுந்ததும் திரும்ப நெற்றிக்குப் போகும். மெஷினோ எண்ணெய்ப் பிசுக்கு, பொட்டு அடிக்கடி விழுந்துவிடும். பெட்டி வந்த அன்றைக்குத்தான் அதற்கு ஒரு நல்ல இடம் கிடைத்தது.

காந்திமதி உட்கார்ந்தாள். வலது கை தானாக நெற்றிக்குப் போயிற்று. அரை ரூபாய் அகலத்துக்கு வைத்திருந்த மெரூன் பொட்டை உரித்து எடுத்து, பெட்டியின் கறுப்புக் கண்ணாடியில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். மெஷினைப் போட்டுக் குனிந்தாள்.

ஸ்ம்ருதி லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? தைக்கறேன்."

"அதுக்கு முன்னாடி."

ஸ்ம்ருதி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்தான் சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கிற சென்சார் இருக்கிறது. முழுசாக மூடினால் அது ரிப்பேர் என்று சொல்லிவிடும். இப்படி முக்கால்வாசி மறைத்தால், நிமிர்ந்து உட்கார்ந்து கதை பேசும்போது ஆள் தெரியும். குனிந்து தைத்தால் தெரியாது. எவ்வளவு நன்றாகக் குனிந்து வேலை பார்க்கிறார்களோ அவ்வளவு ஆள் இல்லை என்று எழுதும். பொட்டு பெரிசாக இருந்தால் இன்னும் மோசம். பொன்னியம்மாள் புருஷன் போன பிறகு கடுகு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டுதான் வைக்கிறாள். அவள் ஏன் அதிகம் சிவக்கவில்லை என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

"அப்ப அது கண்ணுதானே சார்" என்றாள் பொன்னியம்மாள்.

ஏகநாதன் மெஷின் வரிசையில் நடந்து போனார். மற்றவர்களையும் உட்காரச் சொல்லி, அவரவர் எங்கே ஒட்டுகிறார்கள் என்று பார்த்தார். இருபத்து மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒட்டினார்கள். மெரூன், சிவப்பு, கறுப்பு, கல் வைத்தது. பத்தாவது மெஷினில் மட்டும் கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. அவர் அங்கேயே நின்றார்.

"ட்வென்டி த்ரீ பேரும் கரெக்டா சென்சார் மேலயே ஒட்டியிருக்கீங்க. இது தற்செயலா நடந்ததுன்னு என்னை நம்பச் சொல்றீங்களா? யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

ஏஞ்சல் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இதே பெட்டி இருந்தது என்று அவருக்குத் தெரியும். அவளை எடுக்கும்போது அதற்காகவே எடுத்தாராம். பெட்டியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள். பெட்டி சுத்தமாக இருக்கிற ஒரே ஆளும் அவள்தான். மற்றவர்களைக் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் பச்சையில் நின்றால், மூன்று மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரம். அவர் அப்படித்தான் கணக்குப் போட்டார். லைனில் சீனியர் என்பதால் காந்திமதியைக் கேட்டார்.

"சொல்லுங்கம்மா. அங்க ஒட்டச் சொன்னது ஏஞ்சல்தானே?"

அங்கே முதலில் ஒட்டியது காந்திமதி. பெட்டி வந்த அன்றைக்கு, கண்ணாடி வழவழவென்று இருக்கிறதே, முகமும் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டு ஒட்டிப் பார்த்துவிட்டு, இங்க ஒட்டுங்கடி, விழவே விழாது என்று வரிசை முழுக்கச் சொன்னது அவள்தான். அதைச் சொன்னால் இப்போது இருக்கிற கோபத்தில் இவர் என்ன செய்வார்? பெட்டியை ஏமாற்றத் திட்டம் போட்டவள் என்று எழுதி வெளியே அனுப்பினால், இந்த வயசில் எந்தக் கம்பெனி எடுக்கும்? இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும்.

"தெரியல சார்" என்றாள்.

ஏகநாதன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ஏஞ்சலைப் பார்த்து, இன்றைக்கு வேலையை முடித்துவிட்டுப் போ, நாளைக் காலை எட்டரைக்குக் கேட்டுக்கு வந்து லெட்டரை வாங்கிக்கொள், உள்ளே வர வேண்டாம் என்றார். ஏஞ்சல் சாயந்திர மணி அடிக்கிற வரைக்கும் தைத்தாள், பிறகு கத்தரிக்கோலை ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

சாயந்திரம் கேட்டுக்கு வெளியே பொன்னியம்மாள் காந்திமதியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. ஒருத்தி போனா லைனு தப்பிக்கும். அதுவும் அவ யோக்கியம் இல்ல. மூணு மணி விசயம் இன்னா ஆச்சு? நீயே தானே சொன்ன?"

காந்திமதிக்கு மூணு மணி விசயம் அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு நிரூபிக்க வேண்டும் என்று அவள் குனிந்த குனிவில்தான் பெட்டி ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறது. ஏஞ்சல் வாயே திறந்திருக்க மாட்டாள். பொன்னியம்மாளின் கையை விலக்கிவிட்டு அவள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ரயிலில் ஒரு ஸ்டேஷன் போய் இறங்கியபோது கிழக்குத் தாம்பரத்தில் பெரும்பாக்கம் பஸ் நின்றது. ஏஞ்சல் நாலாவது சீட்டில் ஜன்னல் ஓரம் இருந்தாள். காந்திமதி பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். சேலையூர் வந்தது, ராஜகீழ்ப்பாக்கம் வந்தது. வீடு இருக்கிற செம்பாக்கத்தில் அவள் இறங்கவில்லை. அதற்கு அடுத்த ஸ்டாப்பில் ஏஞ்சல் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். காந்திமதி போய் உட்கார்ந்தாள்.

"ஒன் ஸ்டாப்பு போச்சுக்கா" என்றாள் ஏஞ்சல், ஜன்னலைப் பார்த்தபடி.

காந்திமதி சுற்றி வளைக்கவில்லை. உனக்கு அந்தக் கண்ணாடி கண் என்று தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

ஏஞ்சல் இப்போது திரும்பினாள்.

"மொத வாரமே சொன்னேன்க்கா. அங்க பொட்டு ஒட்டாதீங்கக்கான்னு பொன்னியக்காகிட்ட சொன்னேன். ஏன்னு கேக்கல. ஒங்க சபையில சொல்றத இங்க வந்து சொல்லாதன்னுச்சு. எல்லாரும் சிரிச்சீங்க. நீயும்தான் சிரிச்ச. அதுக்கப்புறம் யாரு எங்கிட்ட பேசினீங்க, நான் சொல்றதுக்கு?"

சிரித்தது காந்திமதிக்கு ஞாபகம் வந்தது. வேதக்காரிக்குப் பொட்டைப் பார்த்தால் பொறுக்கவில்லை என்று அன்றைக்குச் சாப்பாட்டில் அதைத்தான் ஊறுகாயாகத் தொட்டுக்கொண்டார்கள். பஸ் மேடவாக்கம் நெரிசலில் ஊர்ந்தது. படிக்கட்டுப் பக்கம் போய் யாரிடம் பேசுவாய் என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் விட்டிருக்கிற பையனிடம் என்றாள் ஏஞ்சல். நாலு வயசு, அம்மா குரல் கேட்டால்தான் சாப்பிடுவானாம்.

"நாளைக்குக் காலைல போய் நான்தான் ஒட்டச் சொன்னேன்னு சொல்லிடறேன்" என்றாள் காந்திமதி.

ஏஞ்சல் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. இரண்டு மாதமாகக் காந்திமதி அவளைப் பார்த்த அதே பார்வைதான் அது.

"மத்தியானம் கேட்டப்ப சொல்லல. இப்ப பஸ்ஸு ஏறி வந்து சொல்ற. இதுல இன்னா வெச்சிகினு கீறன்னு எனக்குத் தெரியலக்கா."

"ஒண்ணும் இல்லடி."

"எட்டரைக்கு நான் கேட்ல நிப்பேன். எப்டியும் லெட்டர் வாங்கணும். நீ வந்தா வா."

பெரும்பாக்கத்தில் ஏஞ்சல் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் பிளாக்குகளுக்கு நடுவே போய்விட்டாள். காந்திமதி அதே பஸ்ஸில் திரும்பினாள். வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது பொன்னியம்மாள் இரண்டு தரம் போன் பண்ணினாள். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்குக் காந்திமதி ஏகநாதன் அறைக்குப் போய், பொட்டை அங்கே முதலில் ஒட்டியதும் மற்றவர்களை ஒட்டச் சொன்னதும் தான்தான் என்று சொன்னாள். அவர் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எட்டரைக்கு ஏஞ்சலை உள்ளே விட்டார்கள். காந்திமதியை மெஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற மேசைக்கு மாற்றினார்கள். மூன்றாவது லைனில் அன்றைக்கு யாரும் ஏஞ்சலிடம் பேசவில்லை.